திட்டவே முடியாத அகராதி அண்ணன்

உலகத்தில் எந்த வார்த்தையாலும் திட்ட முடியாத ஒரே மனிதர் எங்கள் விருத்தாசலத்தில்தான் இருந்தார். 'உலகத்தில்' என்று எழுதியதும் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றி அடிக்கப் போனேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை, இருக்கட்டும். நீங்கள் யாரும் அவரைத் திட்டிப் பார்த்ததில்லை.

பீங்கான் கம்பெனியில் தரம் பிரிப்பது அவர் வேலை. சூளையிலிருந்து வந்தது கப்போ, ஊறுகாய் ஜாடியோ, எதுவானாலும் இடது கையில் தூக்கிப் பிடிப்பார். வலது கையில் ஒரு புளியங்குச்சி. ஒரே ஒரு தட்டு. 'ணங்' என்றால் நல்ல சரக்கு, பேக்கிங்குக்குப் போகும். 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ இருக்கிறது, பின்பக்கத்து உடைசல் குவியலுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக இதே தட்டு. அவர் 'ணங்' என்று அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார்கள். கம்பெனிக்கு வெளியிலும் அந்தக் கை சும்மா இருக்காது. டீக்கடை கிளாஸ், பஸ் ஜன்னல், ஒருமுறை என் டிபன் பாக்ஸ், எல்லாவற்றையும் தட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

நான் அங்கே ஆபீசில் நாலு வருஷம் பில் போட்டேன். அவருடைய நிஜப் பெயரை வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் அகராதி. எங்கள் பக்கத்தில் ஒருவனை 'அகராதி புடிச்சவன்' என்றால் திமிர் பிடித்தவன், எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவன் என்று அர்த்தம். அப்படிப் பேசுகிறாரே என்ற கோபத்தில்தான் யாரோ அந்தப் பெயரை வைத்தார்கள். அவருக்கோ பரம சந்தோஷம்.

"அகராதின்னா வார்த்தைங்களோட புஸ்தகம்மா. ஒரு மனுசனுக்கு அதுக்கு மேல என்னா பட்டம் குடுக்க முடியும்?" என்றார் என்னிடம்.

அவரைத் திட்ட முடியாது என்று ஊர் தெரிந்துகொண்டது அந்தப் பெயர் வைத்த அன்றைக்குத்தான்.

பழைய பேப்பர் கடையில் எடுத்த அட்டையில்லாத தடித்த அகராதி ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை பிறந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆதியில் ஓர் அர்த்தம் உண்டு, அதுதான் வீட்டுக்காரன். இப்போது எல்லாரும் சொல்கிற அர்த்தம் பின்னால் வாடகைக்கு வந்தவன். "வாடகைக்கு வந்தவன் வூட்டையே சொந்தம்னு சொன்னா, பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமாம்மா?" சும்மா இருக்க அவரால் முடிந்ததே இல்லை.

எங்கள் முதலாளி நல்லவர். ஆனால் காலையில் வந்ததும் யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் அவருக்குக் காபி இறங்கும். ஒருநாள் லோடு ஏற்றும் ஆளைப் பார்த்து, "டேய் பொறம்போக்கு!" என்று ஆரம்பித்தார். அகராதி குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மொதலாளி, பொறம்போக்குன்னா வரி போடாத நெலம்ங்க. ஏரி, மேய்ச்சக்காடு, பாதை. ஊருக்கே பொதுவானது. இவன பொறம்போக்குன்னா, ஊருக்கே பொதுவான ஆளுன்னு பெருமையா சொல்றீங்க."

லோடு ஆள் நெஞ்சை நிமிர்த்தினான். முதலாளிக்கு எதற்குத் திட்ட வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

மறுநாள் ஜாக்கிரதையாக "மடையா" என்றார்.

"மடையன்னா ஆதியில சமையக்காரன்ங்க. கோயில்ல மடப்பள்ளி இருக்குதில்ல? இவனுக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாதே, இவனப் போயி..."

முதலாளி ஒரு வாரம் யோசித்தார். தமிழில் இருப்பதால்தானே இந்தத் தொல்லை என்று ஆங்கிலத்துக்கு மாறி, அகராதியையே நேராகப் பார்த்து, "இடியட்!" என்றார். அகராதி திரும்பிப் போய் அடுத்த கப்பைத் தட்டினார். நாங்கள் எல்லாரும் முதலாளி ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போய்விட்டு வந்தவர் நேராக முதலாளி அறைக்குள் நுழைந்தார்.

"ஐயா, அது கிரேக்க பாஷைங்க. ஆதியில, ஊர் விசயத்துல தலையிடாம தன் ஜோலிய மட்டும் பாக்குறவன்னு அர்த்தமாம்."

முதலாளி கும்பிட்டார். "அப்ப மன்னிச்சுக்கய்யா. அது நீ இல்ல."

நூர்ஜஹான் அக்கா மட்டும்தான் அவரோடு மல்லுக்கு நிற்பார். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், பேக்கிங் பிரிவின் தலைவி. வாய் நீளம். டீ வேளையில் ஒருநாள் கடைக்காரரிடம் அக்கா, "கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க" என்று கேட்டதும் அகராதி குறுக்கே வந்தார்.

"தண்ணீன்னா தண்மையான நீரு. குளுந்தது. குளுந்தது எப்படி நூரம்மா சுடும்? வெந்நீர்னு கேளு."

"யோவ் அகராதி, தொண்ட கட்டியிருக்குது. எனக்கு வேண்டியது தொண்டைக்கு. ஒனக்கு வேண்டியது எதுக்கு?"

இருவரும் பேசி முடிப்பதற்குள் அது உண்மையாகவே தண்ணீராகிவிட்டது. கிளாஸைத் தொட்டுப் பார்த்து அகராதி, "இப்ப சரி" என்றார். அக்கா அதை அவர் காலில் ஊற்றினார்.

மளிகைக் கடையில் தேங்காய் எண்ணெய் கேட்க மாட்டார். எண்ணெய் என்றால் எள்ளின் நெய்யாம், தேங்காயில் எள் எங்கிருந்து வந்தது என்பார். பாட்டிலை விரலால் காட்டி "அது" என்பார். கடைக்காரர் பாதி நாள் பக்கத்தில் இருந்த பினாயிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து ஓர் ஆயுத பூஜையன்று நடந்தது. கம்பெனி முழுக்க மாவிலை கட்டி, குச்சிக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாரும் கூடியிருந்தோம். முதலாளியின் மனைவி புதுப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். முதலாளி முந்தின நாள்தான் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். காதோரம் ஒட்டிய கறுப்பு இன்னும் போகவில்லை. மூத்த தொழிலாளி என்று அகராதியை நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள்.

"நம்ம கம்பெனியோட கிழவர் அவர்களுக்கும், பக்கத்துல ஒக்காந்திருக்கிற கிழத்தியார் அவர்களுக்கும்..."

பொரி மெல்லும் சத்தம் நின்றது.

"ஆதியில கிழவன்னா ஒரு பொருளுக்கு உரியவன், மொதலாளின்னு அர்த்தம்ங்க! நெலக்கிழார்னு சொன்னா மட்டும் மாலை போடுறீங்க?" என்று அவர் கத்துவது, கிளம்பிப் போகும் காரின் பின்னால் கேட்டது. அம்மையார் அதற்கப்புறம் ரெண்டு வருஷம் கம்பெனிப் பக்கமே வரவில்லை. அகராதிக்கு அன்றிலிருந்து கற்பூரம் ஏற்ற மட்டும் அனுமதி. வாயைத் திறக்கக் கூடாது.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. 'டொக்' என்ற கப்பை அப்படியே எறிய மாட்டார். சட்டைப்பையில் இருக்கும் மார்க்கர் பேனாவை எடுத்து, அதில் ஒரு வார்த்தையையும் அதன் ஆதி அர்த்தத்தையும் எழுதிவிட்டுத்தான் குவியலில் போடுவார். வாடகை அர்த்தத்தை ஒருநாளும் எழுதியதில்லை. எங்கள் வீடுகளில் பேனா போட, பிரஷ் போட அந்தக் கப்புகளைத்தான் எடுத்துப் போவோம். என் மாமியார் வெந்தயம் போட்டு வைத்திருந்த கப்பில் 'பொன்: உலோகம், எதுவானாலும்' என்று இருந்தது. மாமியார் அதைத் திருப்பிச் சுவர்ப்பக்கமாக வைத்துவிட்டார்.

ஏழு மாத வயிற்றோடு நான் வேலையை விட்ட நாளில் நூர்ஜஹான் அக்கா வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்தார். "விருந்து ரெடி, வாங்க" என்றதும் அகராதி எழுந்தார்.

"விருந்துன்னா சோறு இல்ல நூரம்மா. ஆதியில புதுசுன்னு அர்த்தம். அப்புறம், புதுசா வர்ற ஆளு. இந்தப் பொண்ணு வயித்துல இருக்கே, அதான் விருந்து."

"அப்ப பிரியாணிய எடுத்துக்கிட்டுப் போயிடவா?"

"நான் அர்த்தத்ததான் சொன்னேன்" என்று தட்டை நீட்டினார். மூன்று முறை நீட்டினார்.

அந்த விருந்துதான் என் மகள் நிறைமதி.

இனிச் சொல்வதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாக யோசித்தேன். எழுதாவிட்டால் அகராதி அண்ணனைப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

மதிக்கு ரெண்டே கால் வயசு ஆனபோதும் பேச்சு வரவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை, அவளைவிட மூன்று மாதம் சின்னது, "பாட்டி, தோசை கருகுது" என்று சொல்கிறது. என் மகளிடம் மூன்று வார்த்தைதான். அதைவிடப் பயம் வேறொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சில நேரம் திரும்புவாள், பல நேரம் இல்லை. பின்னாலிருந்து கூப்பிடுவேன், கை தட்டுவேன், கரண்டியைக் கீழே போடுவேன். திரும்பினால் தற்செயலாகத் திரும்பினாளோ என்று சந்தேகம். திரும்பாவிட்டால் சந்தேகம்கூட இல்லை, நேராகப் பயம்தான். கர்ப்பத்தில் நான் சூளைச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தது தப்போ என்று தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தைகள் டாக்டர் நிதானமாகப் பார்த்தார். "புதன்கிழமை புதுச்சேரியில காது டெஸ்ட் எடுத்துடுவோம். வரும்போது, குழந்தை அர்த்தத்தோட சொல்ற வார்த்தைங்கள ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க" என்றார்.

பேப்பரை எடுத்து மூன்று வார்த்தையையும் எழுதினேன். எழுதிவிட்டு மூன்றையும் அடித்தேன். ஒன்றுக்கும் சரியான அர்த்தம் இல்லையே! அவள் 'அப்பா' என்பது பஸ்ஸை. 'சுடு' என்பது நெருப்பை இல்லை, அவளுக்கு வேண்டாத எதையும். 'அச்சோ' என்பதை எதற்குச் சொல்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. இதை எப்படி அர்த்தத்தோடு சொல்கிற வார்த்தையில் சேர்ப்பது?

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம்தான் ஆயுத பூஜை வந்தது. பழைய ஆட்களையும் கம்பெனியில் கூப்பிடுவார்கள். போகலாமா என்று மூன்று முறை புடவை மாற்றி, கடைசியில் மதியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். சூளை அணைந்திருந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனி அவ்வளவு அமைதியாக இருக்கும். சாமிக்கு முன்னால் பலகையில் பதினொரு கப் வரிசையாக இருந்தது. அந்த வருஷத்துச் சரக்கில் ஆகச் சிறந்த பதினொன்றை அகராதி தட்டித் தேர்ந்தெடுத்து வைப்பது அங்கே முறை. மதி அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பொரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, வாடிப் போயிருக்க?" என்றார் அகராதி. அழாமல்தான் சொல்ல ஆரம்பித்தேன். பேப்பரையும் காட்டினேன். நீட்டிய பிறகுதான் யாரிடம் நீட்டுகிறோம் என்று உறைத்தது. அர்த்தம் தப்பு என்றால் முதலாளியையே விடாதவர்!

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பஸ்ஸு ஏன் அப்பா?"

"இவங்க அப்பா காலையில சுரங்கத்து ஷிப்ட் பஸ்ஸுலதான் போவாருண்ணே. சாயங்காலம் அதுலதான் வந்து எறங்குவாரு."

"பஸ்ஸு போனா அப்பா போறாரு. வந்தா வராரு." பேப்பரை மறுபடி பார்த்தார். "சரியாத்தான இருக்குது?"

நூர்ஜஹான் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! இந்த ஆளு சரின்னு சொல்லி நான் இப்பதான் கேக்குறேன்."

அகராதி அதைக் காதில் வாங்கவில்லை. பலகைக்குப் பின்னால் போய் நின்றார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக்கூடாது, அதனால் குச்சி சந்தனத்தோடு அங்கேயே கிடந்தது. நடுவிரலை மடக்கி, முட்டியால் முதல் கப்பைத் தட்டினார்.

ணங்.

மதி திரும்பவில்லை.

ரெண்டாவது. ணங். பொரிதான் வாய்க்குப் போனது. மூன்றாவதைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார். நான் ஏன் வந்தேன், ஏன் இந்தப் பேப்பரைக் காட்டினேன் என்று இருந்தது. "புள்ள பொரி திங்குது, வுடுய்யா" என்றார் அக்கா.

அகராதி நாலாவது கப்பைத் தட்டினார். எங்கள் காதுக்கு அதுவும் 'ணங்'தான்.

மதி சட்டென்று திரும்பினாள். அந்தக் கப்பையே பார்த்து, "அச்சோ" என்றாள்.

"பாத்தியா, திரும்பிட்டா!" என்று அக்கா கூவினார். நான் அப்போதே அழுதுவிட்டேன். ஆனால் அகராதி சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியிருந்தது. கப்பை எடுத்துக் காதோடு வைத்து மறுபடி தட்டினார். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு கோடு.

"விரிசல்" என்றார். "நான் பாஸ் பண்ண சரக்கும்மா. சாமிக்கு முன்னால வெச்சிருக்கேன்."

நூர்ஜஹான் அக்கா இந்த நாளுக்காகப் பல வருஷம் காத்திருந்தவர். "இருவத்திரெண்டு வருசம் தட்டுன காதுய்யா! பொரி தின்ற புள்ளகிட்ட தோத்துடுச்சு!" என்று கம்பெனி முழுவதும் கேட்கச் சொன்னார். முதலாளி எழுந்து வந்தார். லோடு ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

அகராதி பதினொரு கப்பையும் இடம் மாற்றி, மதிக்குப் பின்னாலிருந்து மறுபடி தட்டினார். நல்ல கப்புக்கு அவள் திரும்பவே இல்லை. விரிசல் கப்புக்கு "அச்சோ". மறுபடி மாற்றினார். மறுபடி அதே கப்புக்கு "அச்சோ". வீட்டில் எது விழுந்து உடைந்தாலும் நான் "அச்சோ" என்பேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அது பெயர் என்று அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலாவது சுற்றுக்கு அகராதி விரலை மடக்கியதும் மதி திரும்பி, கண்டிப்பாக, "சுடு!" என்றாள்.

நான் அர்த்தம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கையை எடுத்துவிட்டார்.

"போதுங்கறா" என்றார்.

அப்புறம் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நீட்டிய ஒரு பொரியை வாங்கித் தின்றார். "நல்ல கப்பு சத்தம் போட்டா அவ எதுக்கும்மா திரும்பணும்? அதுக்கு ஒண்ணும் ஆவலியே."

"ஆனா மூணு வார்த்தையும் தப்பா சொல்றாளேண்ணே. நாமதானே மாத்தணும்?"

"எதுலருந்து எதுக்கு மாத்துறது? இந்த அர்த்தம் யாருகிட்டருந்தும் வரல. இவகிட்டத்தான் ஆரம்பிக்குது. அப்ப ஆதி இதுதானம்மா?"

விரிசல் கப்பைக் குவியலுக்கு அனுப்பவில்லை. மார்க்கரை எடுத்து, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதி என் கையில் கொடுத்தார். 'அச்சோ: விரிசல். சொன்னவர்: நிறைமதி.' அடித்த மூன்று வார்த்தைகளையும் என் பேப்பரில் திரும்ப எழுதியவரும் அவரே. எதிரே அர்த்தத்தையும் எழுதினார்.

கப்பு சொன்னால் போதும் என்று சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. புதன்கிழமை புதுச்சேரி போய் டெஸ்ட் எடுத்தோம். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். பேப்பரைப் படித்த டாக்டர், "அச்சோன்னா விரிசலா? இது யாரு எழுதினது?" என்றார். "எங்க கம்பெனி அகராதிங்க" என்றேன். எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாரோ, தெரியாது. பேச்சு தானாக வரும், ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். காட்டினோம்.

இப்போது மதிக்கு நாலு வயசு. எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பேச இடமே கொடுப்பதில்லை. பஸ் பஸ்ஸாகிவிட்டது, அப்பா அப்பாவாகிவிட்டார். 'சுடு' என்றால் இப்போது சுடும், அவ்வளவுதான். சரியாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் ஷிப்ட் பஸ் தெருமுனையில் திரும்பும்போது யாரும் "அப்பா!" என்று கத்தாதது எனக்கு என்னவோபோல் இருக்கும்.

அகராதி அண்ணன் போன வருஷம் வேலை முடிந்து ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். என்னிடம் ரெண்டு வார்த்தை, மீதியெல்லாம் அவளிடம். "புதுசா ஏதாவது அர்த்தம் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்பார். அவளும் எதையாவது சொல்வாள். அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்கும்.

அந்தக் கப்பு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெந்தயம்கூடப் போடவில்லை. மார்க்கர் மை ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது. மங்கும்போதெல்லாம் ஒரு பேனாவை எடுத்து, அவர் எழுத்தின் மேலேயே எழுதி வைக்கிறேன். ஒரு கோடுகூடத் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். அர்த்தம் மாறிவிடக் கூடாது, பாருங்கள்.